கேரியரில் இருபத்திரண்டு பேர்

“அம்மா, இந்தச் சைக்கிள் வேலைய வேற யாருக்காவது குடுத்துடுங்க,” என்றாள் உண்ணாமலை.

இளங்கொடி அம்மை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“ஏங்க்கா?”

“ஒன்பது தடவ விழுந்துட்டேன்.”

“எத்தனை நாள்ல?”

“பன்னண்டு நாள்ல.”

“அப்ப மூணு நாள் விழல.”

“இல்லீங்கம்மா. ஒரே நாள்ல ரெண்டு தடவ விழுந்தது ஒண்ணு இருக்கு. கணக்குப் பாத்தா நாலு நாள் விழல.”

அம்மை கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

உண்ணாமலைக்கு ஐம்பத்தாறு வயது. அம்மைக்கு முப்பத்திரண்டு. குரு சீடரை அக்கா என்பார். சீடர் குருவை அம்மா என்பாள். அந்த மலையடிவாரத்து மடத்தில் யாருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

மடத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன கல்குவாரி ஒன்று இருந்தது. அதன் குடிசைகளில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஒரு காலத்தில் கல் உடைத்தவர்கள். கல்தூசி நெஞ்சில் ஏறிவிட்டதால் அடுப்புப் புகைக்கு முன்னால் அவர்களால் உட்கார முடியாது. மத்தியானக் கஞ்சி மடத்திலிருந்துதான் போக வேண்டும்.

மொபெட்டில் கொண்டுபோன மனிதர் மகள் வீட்டோடு போய்விட்டார். மடத்தில் மிச்சம் இருந்தவர்களில் முட்டி சொன்னபடி கேட்பது உண்ணாமலைக்கு மட்டும்தான். “நான் போறேன்” என்று அவளாகத்தான் கேட்டாள். அம்மை முன்பு ஒன்பது வருஷம் கிராம நர்ஸாக ஓட்டித் திரிந்த லேடீஸ் சைக்கிள் இருந்தது. தென்னந்தோப்பில் பதினேழு நாளில் பழகினாள். பதினெட்டாம் நாள் கஞ்சியோடு கிளம்பினாள்.

“விழுந்தது வலிக்குதா?” என்று கேட்டார் அம்மை.

“வலி கெடக்குது. விழுந்து எழுந்து போறதுக்குள்ள கஞ்சி ஆறிடுது. சூடா எறங்கினா அவங்களுக்கு நெஞ்சு இளகுது. ஆறினது உள்ள போனா சாயங்காலம் வரைக்கும் இருமல். ஆனா ஒருத்தரும் ஆறிப்போச்சுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. அந்தக் கன்னியப்பன் பெரியவரு, ‘ருசியா இருக்குது தாயி’ன்னு சொல்லிட்டு இருமறாரு. என்னால கேக்க முடியல.”

அம்மை கீரைக் காம்புகளைக் கூட்டி ஒதுக்கினார்.

“டவுன் ஆட்டோக்காரர் பௌர்ணமியிலிருந்து வரேன்னாரு. வாரத்துல ரெண்டு நாள்.”

“மிச்சம் அஞ்சு நாளைக்கு?”

“அதத்தான் நானும் கேட்டேன். பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு நாளாவது சூடா கொண்டுபோய்ச் சேத்தீங்கன்னா வேலை உங்களோடது. இல்லன்னா அவரோடது. சைக்கிளை எடுத்துட்டு வாங்க.”

உண்ணாமலை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். அம்மை சைக்கிளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். இடது முழங்கையில் சிராய்ப்பு. இடது முட்டியில் சிராய்ப்பு. இடது கணுக்காலில் மஞ்சள் பற்று.

“எப்பவும் இடது பக்கமேவா?”

“ஒன்பதும் இடது பக்கம்தாங்க.”

“முதல் தடவ எப்படி?”

“ஹாண்டில்பார்ல டம்ளர் பையை மாட்டியிருந்தேன். பை ஆடுச்சு, நானும் ஆடினேன்.”

அம்மை பையைக் கழற்றினார். பின்னால் கேரியரில் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்து டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினார்.

“அது போச்சு. அப்புறம்?”

“ரெண்டு தடவ… அதச் சொல்ல வெக்கமா இருக்குதுங்கம்மா.”

“சொல்ல வேணாம்,” என்றார் அம்மை. சட்டென்று இரண்டு கையையும் கூப்பி, “வணக்கம்க்கா” என்று குனிந்தார்.

குரு கும்பிட்டால் சீடர் என்ன செய்வாள். பதறிப்போய் உண்ணாமலையும் இரண்டு கையையும் கூப்பினாள். சைக்கிள் சாய்ந்து அம்மையின் கால்மேல் விழுந்தது.

அம்மை காலை உதறிக்கொண்டார்.

“இதோட பத்து,” என்றார்.

உண்ணாமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரேஷன் கடை எழுத்தருக்கு ஒரு முறை, ஐயனாருக்கு ஒரு முறை, ஓட்டிக்கொண்டே கை கூப்பி விழுந்தவள் அவள்.

“மிச்சம் ஆறு?”

“ஆறும் ஒரே மாதிரிதான். பின்னால பஸ்ஸோ லாரியோ ஹாரன் அடிக்குது. நான் ஓரத்துக்குப் போறேன். ஓரம் வாரி விட்டுடுது.”

“நாளைக்குக் காலையில வெளக்குமாறும் முறமும் எடுத்துக்குங்க,” என்றார் அம்மை. “ரோட்டுல மைல்கல்லுலேர்ந்து புளியமரம் வரைக்கும், தார் முடியற ஓரத்த ஒரு முழ அகலத்துக்குக் கூட்டுங்க. வந்தத அள்ளிட்டு வாங்க.”

மறுநாள் காலை ஆறு மணிக்கே உண்ணாமலை போய்விட்டாள். எட்டு மணிக்கு முறத்தோடு வந்து நின்றாள்.

“என்ன இருக்கு?”

“சரளைக்கல் நூத்திப் பதினெட்டு. கண்ணாடிச் சில்லு நாப்பத்தொண்ணு. கருவேல முள்ளு இருபத்தாறு. ஆணி மூணு. சோடா மூடி ஒன்பது. செத்த ஓணான் ஒண்ணு. ஆகமொத்தம் நூத்தித் தொண்ணூத்தெட்டு. மணல எண்ண முடியல, படியால அளந்தேன். நாலு படி.”

“நாளைக்கு அதே தூரம். ஓரத்துலேர்ந்து ஒரு கை நீளம் உள்ள தள்ளிக் கூட்டுங்க.”

மறுநாள் முறம் லேசாக இருந்தது.

“என்ன இருக்கு?”

“கொண்டை ஊசி ஒண்ணு.”

“மணல்?”

“ஒரு சிட்டிகை.”

“ஓரத்துல மட்டும் ஏன்க்கா அத்தனை சேந்துச்சு?”

“போற வர்ற வண்டிங்கல்லாம் ஒதுக்கித் தள்ளித் தள்ளி அங்க போய்ச் சேந்திருக்கு.”

“உங்கள?”

உண்ணாமலை முறத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொண்டை ஊசியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழியில் தட்டினாள்.

அன்று தார் ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளி ஓட்டினாள். விழவில்லை. அதற்கு அடுத்த நாளும் விழவில்லை. அதற்கு அடுத்த நாளும்.

கஞ்சி மட்டும் ஆறித்தான் போய்ச் சேர்ந்தது.

“நான் கொதிக்கக் கொதிக்க ஊத்தி அனுப்பறேன்,” என்றான் மடத்துச் சமையல்காரன் தாண்டவராயன். “நீ அதப் பழையதா ஆக்கிக் கொண்டுபோற. உன் சைக்கிள் இன்னா, சைக்கிளா தண்ணிப் பானையா?”

உண்ணாமலை நேராக அம்மையிடம் போனாள்.

“பதினொண்ணே காலுக்குக் கிளம்பறேன். விழல. ஆனாலும் போய்ச் சேர பன்னண்டே முக்கால் ஆவுது. எனக்கே புரியலீங்கம்மா.”

“முக்கால் மணி நேர வழி,” என்றார் அம்மை. “நான் ஊசி மருந்தோட போயிருக்கேன். நடுவுல எத்தனை தடவ இறங்கினீங்க?”

“பதினாலு.”

“யாரு யாருக்கு?”

“ரேஷன் கடைக்காரருக்கு. பழைய தலைவருக்கு. பள்ளிக்கூட வாத்தியாருக்கு. ஐயனாருக்கு, பிள்ளையாருக்கு. ஓட்டிக்கிட்டே கும்பிட்டா விழறேன் இல்லீங்களா, அதான் இறங்கிக் கும்பிட்டேன். ஒரு சாவு போச்சு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஏழு தடவ. ஒரு ஆட்டுக்கு.”

“சாவுக்கு இறங்கினது சரி. ஆட்டுக்குமா?”

“ஆடு முன்னால வந்துச்சு. பின்னால மேய்க்கிறவரு வந்தாரு. அவரு எனக்கு மூத்தவரு.”

அடுப்படியில் தாண்டவராயன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

“நீங்க பொசுக்குன்னு இறங்கறப்ப பின்னால வந்தவங்க?”

“ரெண்டு பேரு இடிச்சாங்க. ஒருத்தரு பால்காரரு. பால் கொட்டல.”

அம்மை சிரிக்கவில்லை. “யாருக்கா இறங்கச் சொன்னது?” என்று மெதுவாகக் கேட்டார்.

உண்ணாமலை தன் கால் பெருவிரலைப் பார்த்தாள்.

“எங்கப்பா சைக்கிள் வச்சிருந்தாரு. எங்க ஊர்ல பெரிய தெருவுன்னு ஒண்ணு. அந்த முனை வந்ததும் இறங்கிடுவாரு. செருப்பக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டுத் தள்ளிக்கிட்டே போவாரு. நான் கேரியர்ல உக்காந்திருப்பேன். என்ன யாரும் இறங்கச் சொல்லல. அவரு இறங்கினா நானும் இறங்கிடுவேன். தெரு முடிஞ்சாத்தான் ஏறுவோம்.”

“எவ்வளவு தூரம்?”

“எங்கப்பா காலுக்கு நூத்தி நாப்பத்தெட்டு. என் காலுக்கு இருநூத்தி அறுபது.”

அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது.

“இப்ப உங்க கேரியர்ல என்னக்கா இருக்கு?”

“கஞ்சிங்கம்மா.”

“யாரோடது?”

“அவங்க இருபத்திரண்டு பேரோடது.”

“அப்ப, நீங்க ஒரு தடவ இறங்கினா எத்தனை பேரு இறங்கறாங்க?”

உண்ணாமலை எழுந்து போனாள். கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தாண்டவராயன் தண்ணீர் எடுக்கிற சாக்கில் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனான். இருட்டுவதற்கு முன்னால் அவள் திரும்பி வந்தாள்.

“பதினாலு தடவைக்கு முந்நூத்தி எட்டு பேருங்கம்மா,” என்றாள். “சாவுக்கு இறங்கினத கழிச்சா இருநூத்தி எண்பத்தாறு.”

“ஒரு நாளைக்கா?”

“ஒரு நாளைக்கு.”

பௌர்ணமிக்கு முந்தின நாள்.

உண்ணாமலை இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்தாள். இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். மணியை ஒரு முறை அடித்துப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தைச் செயினுக்கு எட்டாமல் தூக்கிக் கட்டிக்கொண்டாள்.

தாண்டவராயன் தூக்குவாளியைக் கேரியரில் வைத்தான். சாக்கு சுற்றி, அதன்மேல் தன் துண்டையும் சுற்றினான்.

“துண்டு எதுக்கு?”

“சும்மா கட்டினேன். போ.”

பதினொன்றே காலுக்குக் கிளம்பினாள்.

ரேஷன் கடை எழுத்தர் வாசலில் நின்றிருந்தார். உண்ணாமலையின் கால் பெடலில் தயங்கியது. கையை எடுக்காமல் தலையை மட்டும் ஒரு முறை அசைத்தாள். அவரும் அசைத்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இத்தனை நாளும் அவர் தன்னைக் கவனித்தாரா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஐயனாரிடம், “சாமி, கேரியர்ல ஆளுங்க இருக்காங்க” என்று வாய்விட்டுச் சொன்னாள். ஐயனார் குதிரையைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

வளைவுக்கு அப்பால், வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று ரோட்டில் கொள்ளுச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள். போன வாரம் அதற்குள் விட்டுத்தான் தண்டு அச்சில் சுற்றிக்கொண்டது. உண்ணாமலை தூரத்திலேயே மிதிப்பதை நிறுத்தினாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. வலது கையை நீட்டிக் காட்டிவிட்டு, செடி போடாத பக்கமாக மணியடித்துக்கொண்டே போனாள்.

செடி புரட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கேட்டாள். “ஏன்க்கா இவ்ளோ அவசரம்?”

“இருபத்திரண்டு பேர ஏத்திக்கினு போறேன்.”

அந்தப் பெண் கேரியரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். “வெயிலு,” என்றாள்.

பாலம் வந்தது.

குறுகலான பாலம். கைப்பிடிச் சுவர் இடிந்து வெகு காலம் ஆகிறது. ஒரு பஸ் போனால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் இருக்காது. உண்ணாமலை பாலத்தில் ஏறிப் பாதி தூரம் போனபோது பின்னால் ஹாரன் கேட்டது.

கை தானாக இடது பக்கம் திரும்பப் பார்த்தது. இடது பக்கத்தில் ஒரு முழத்துக்குச் சரளை. அதற்கப்பால் வாய்க்கால்.

ஹாரன் மறுபடி அடித்தது. இந்த முறை நிறுத்தவே இல்லை.

இறங்கினால் நிற்க இடமில்லை. ஓரம் போனால் வாய்க்கால். உண்ணாமலை பல்லைக் கடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தாள். வேகமாகவும் மிதிக்கவில்லை, மெதுவாகவும் மிதிக்கவில்லை. கேரியரில் இருப்பவர்களுக்குக் குலுங்காமல் இருக்க எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு.

ஐம்பது பேர் ஏறிய டவுன் பஸ் அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது.

மிதிக்க மிதிக்க எண்ணினாள். முப்பத்தாறு மிதியில் பாலம் முடிந்தது. பாலம் முடிந்ததும் ஒரு கை நீளம் விட்டு இடது பக்கம் வந்தாள். பஸ் பக்கத்தில் வந்து ஒட்டியது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏம்மா, ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா?”

எத்தனையோ முறை எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. உண்ணாமலை மிதித்துக்கொண்டே யோசித்தாள். அவளுக்கு எதையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

“எங்கப்பாவுதும்தாங்க,” என்றாள்.

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். டிரைவர் அவளை ஒரு கணம் பார்த்தார்.

“அதுவும் சரிதான்,” என்றார். “பாத்துப் போம்மா.”

பஸ் போய்விட்டது. உண்ணாமலைக்குக் கண் மறைத்தது. ஹாண்டிலைவிட்டுக் கையை எடுக்கக் கூடாது என்பதால் துடைக்கவில்லை. காற்றில் அதுவே காய்ந்தது. கொஞ்ச தூரம் போனதும், யாரும் இல்லாத ரோட்டில், ஒரு காரணமும் இல்லாமல் மணியை அடித்தாள். இன்னொரு முறையும் அடித்தாள்.

குவாரிக்குத் திரும்பும் மண் பாதையில், நட்டநடுவே ஒருவர் நின்றிருந்தார்.

இளங்கொடி அம்மை. அந்த பஸ்ஸிலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும்.

எத்தனையோ பேரைத் தாண்டி வந்துவிட்டாள். ஆனால் இது குரு. உண்ணாமலையின் கால் தரையைத் தேடி இறங்கியது. செருப்பு நுனி மண்ணில் உரசியது.

அம்மை நகரவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. கையும் கூப்பவில்லை.

உண்ணாமலை காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள். மணியை அடித்தாள்.

அம்மை அப்படியே நின்றார்.

“கேரியர்ல ஆளுங்க இருக்காங்கம்மா,” என்று சொல்லி இன்னும் ஒரு முறை அடித்தாள்.

குரு ஒதுங்கினார். ஒதுங்கின இடம் நெருஞ்சி. உண்ணாமலை தலையை அசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அம்மை ஒற்றைக் காலில் நின்று முள்ளைப் பிடுங்கிவிட்டு, நொண்டிக்கொண்டே பின்னால் நடந்தார்.

பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.

துண்டை அவிழ்த்தாள். சாக்கை அவிழ்த்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் டம்ளர் கன்னியப்பனுக்கு.

அவர் வழக்கம்போல “ருசியா…” என்று ஆரம்பித்து வாயில் வைத்தார். வெடுக்கென்று டம்ளரை எடுத்தார்.

“இன்னா தாயி இது,” என்றார். “நாக்கு வெந்துபோச்சு.”

“ஊதிக் குடிங்க பெரியவரே.”

“ஊதறதுக்கு எங்க எனக்கு நெஞ்சுல காத்து,” என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முந்தானையால் விசிறிவிட்டார்கள் பக்கத்தில் இருந்த பெண்கள். இரண்டாவது ஆளும் சுடுகிறது என்றார். ஐந்தாவது ஆள், “மடத்துல அடுப்பு மாத்திட்டாங்களா?” என்று விசாரித்தார். வரிசை முழுக்க ஊதும் சத்தமும் விசிறும் சத்தமுமாக இருந்தது. உண்ணாமலை இத்தனை புகாரை இத்தனை சந்தோஷமாக எந்த நாளும் கேட்டதில்லை.

இருபத்திரண்டு பேருக்கும் ஊற்றினாள். சிலருக்கு இரண்டாம் முறையும் ஊற்றினாள். அடியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தது. அதை ஒரு டம்ளரில் வடித்து, வேலமர நிழலில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மையிடம் கொடுத்தாள்.

இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

“அம்மா, உங்களுக்கே மணி அடிச்சிட்டேன். இறங்கவும் இல்ல. நான் செஞ்சது சரிங்களா?”

அம்மை அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்ல ஏதோ இருப்பதுபோல் இருந்தது. அதற்கு முன் கஞ்சியை ஒரு வாய் நன்றாக இழுத்துக் குடித்தார்.

உண்ணாமலை பதிலுக்காகக் காத்து நின்றாள்.

அம்மை வாயைத் திறந்து வைத்து, இரண்டு கையாலும் விசிறிக்கொண்டிருந்தார்.